கம்பத்தில் பட்ட பந்து

கிறிஸ்து இயேசுவில் அன்பார்ந்த பங்கு மக்களுக்கு,

இப்பக்கத்தில் நான் வழக்கமாக வழிபாட்டுக் காலங்களைப் பற்றியோ, புனிதர் ஒருவரின் வாழ்வைப் பற்றியோ எழுதுவேன். இம்முறை ஒரு கல்லூரிக் கால்பந்துக் குழுவைப் பற்றி எழுதப்போகிறேன். சாமிக்கு என்ன ஆயிற்று என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை வாசியுங்கள். விளையாட்டைப் பற்றிய பதிவாகத் தோன்றினும், இது நான் செய்த ஒரு தவற்றைப் பற்றிய பதிவு. இதில் வரும் இளைஞனும் அவனுடைய பெற்றோரும் எழுத இசைந்த பின்னரே எழுதுகிறேன். அவர்களுடைய பெயரை நான் குறிப்பிடவில்லை. அறிந்தவர்களும் குறிப்பிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த 2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை. வேளாங்கண்ணி அன்னையின் பெருவிழாவை முன்னிட்டு அன்று மாலை நம் பங்கில் தமிழ்த் திருப்பலியும் சப்பரப் பவனியும் ஏற்பாடாகியிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிகாகோவின் நான்கு திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. மாலை 6 மணி அளவில் நான் திருப்பண்ட அறைக்குள் நுழைந்தபோது, தூபக்கலசம் ஏந்த வேண்டிய பீடச்சிறுவன், அங்கி அணிந்த கோலத்திலேயே மூலையில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். 17 வயது. சிறுவன் என்று சொல்லும் வயதைக் கடந்தவன். நான் அழைத்தது அவன் காதில் விழவில்லை. இரண்டாம் முறை அழைத்தேன். "ஒரு நிமிடம், ஃபாதர்" என்றான், தலை நிமிராமலேயே.

பெருவிழா நாளின் பதற்றம் என்னுள் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாமே தவிர நியாயமாகச் சொல்ல முடியாது. பாடகர் குழுவினரும் மற்றப் பீடச்சிறுவர்களும் கேட்கும்படி, "பந்துக்கு முன்னால் மண்டியிடுகிறவனுக்குப் பீடத்தில் என்ன வேலை?" என்று கேட்டேன். தூபக்கலசத்தை எடுத்து வேறொருவனிடம் கொடுத்தேன். அவன் எதுவும் பேசவில்லை. அங்கியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினான். அதன்பின் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவன் ஆலயத்திற்குள் வரவில்லை.

மறுவாரம் அவனுடைய தந்தை என்னிடம், "நீங்க கண்டிச்சது நல்லதுதான் சாமி. வீட்டுல நாங்க சொன்னா எங்க கேக்கான்? எப்பப் பாத்தாலும் பந்து, பந்துன்னு" என்றார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், கடுமையாக உழைப்பவர், மகன் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஒரே கனவோடு இரண்டு வேலை பார்க்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டு என் மனம் சமாதானம் அடைந்தது. தவறு செய்தவனுக்குக் கிடைக்கும் பாராட்டைப்போல் ஆபத்தானது வேறொன்றுமில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் அவனுடைய தாய் தனியாக வந்தார். மகன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு செய்தி தெரியவந்தது. அவன் தன் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் 'கிக்கர்'. நம் பிள்ளைகள் சிறுவயதில் உருண்டைப் பந்தை உதைத்துப் பழகுகிறார்கள்; கால் நன்றாக இருக்கிறவனைப் பள்ளிப் பயிற்சியாளர் அழைத்து இந்தப் பணியைக் கொடுக்கிறார். அன்று திருப்பண்ட அறையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகக் குழுவின் ஆட்டத்தின் கடைசி நொடிகளை. அந்தக் குழுவின் கிக்கர் மிட்ச் ஜெட்டர், தோல்வியைத் தவிர்க்கும் கடைசி உதைக்காக அந்த நேரத்தில்தான் களத்தில் இறங்கியிருந்தார். தன் பணியைச் செய்யும் மற்றொருவரை அவன் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைச் சிலைவழிபாடு என்று தீர்ப்பிட்டேன்.

நம் பங்கு இல்லத்தில் ஓய்வில் இருக்கும் மூத்த அருள்பணியாளரை நீங்கள் அறிவீர்கள். 84 வயதிலும் சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சியின் முன் நோட்டர் டேம் தொப்பியோடு அமர்ந்துவிடுவார். ஏழு ஆண்டுகளாக அதை ஒரு முதியவரின் பொழுதுபோக்கு என்று எண்ணிக் கடந்து சென்றிருக்கிறேன். அந்த வாரம் அவரிடம் சென்று, "இந்த விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் ஊர்களில் கால்பந்து என்பது ஏறக்குறைய இரண்டாவது மறைக்கல்வி. ஆகவே நார் உரிக்காத தேங்காயைப் போன்ற ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கால்பந்து என்று அழைப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதியவர் பொறுமையாக விளக்கினார். ஒரு பக்கத்தில் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் குழுவிற்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள், அது 'டச்டவுன்'. அவ்வளவு தூரம் போக முடியாத நிலையில், கிக்கரை அழைத்து, இரு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கச் சொல்வார்கள்; அது 'ஃபீல்டு கோல்', மூன்று புள்ளிகள். மற்ற வீரர்கள் ஆட்டம் முழுவதும் மோதி விழுந்து எழுந்துகொண்டிருக்க, கிக்கர் மட்டும் ஓரத்தில் ஒரு வலையை நோக்கிப் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டே தனியாக நிற்பார். ஆட்டத்தில் சில நொடிகளே அவருக்குரியவை. அந்தச் சில நொடிகளில் தவறினால் தோல்வி முழுவதும் அவருடைய பெயரில் எழுதப்படும்.

இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரை ஒட்டி இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தை 1842-இல் தொடங்கியவர் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு அருள்பணியாளர் எட்வர்டு சொரின். பெயரின் பொருள் 'நம் அன்னை'. பொன்முலாம் பூசிய குவிமாடத்தின் உச்சியில் மரியன்னையின் உருவம் நிற்கிறது. வேளாங்கண்ணி அன்னையின் விழா மாலையில், அந்த அன்னையின் பெயரைத் தாங்கிய குழுவைப் பார்த்ததற்காகவே நான் ஒருவனை வெளியேற்றினேன் என்பதை முதியவரிடம் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை.

அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்து சிகாகோவின் கால்நடைச் சந்தையில் கூலி வேலை பார்த்தவராம். பள்ளிக்கூடமே சரியாகப் போகாதவர். ஆயினும் நோட்டர் டேம் வென்றால் தானே பட்டம் பெற்றதைப் போல் தெருவில் நடப்பாராம். அந்நாளில் அயர்லாந்து, இத்தாலி, போலந்து நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கர்களை இந்நாடு ஐயத்தோடு பார்த்தது. கத்தோலிக்கர்களையும் வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இந்தியானாவில் பெரும் செல்வாக்கோடு இருந்தது. 1924 மே மாதத்தில் சவுத் பெண்டில் கூட வந்த அவ்வியக்கத்தினரோடு பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் மோதினார்கள். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், நார்வேயிலிருந்து சிறுவயதில் குடியேறிய நூட் ராக்னியின் பயிற்சியில் அந்தக் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய வாகை சூடியது. அப்பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காத இலட்சக்கணக்கான ஏழைக் குடியேறிகள் அதைத் 'தங்கள் குழு' என்று கொண்டாடினார்கள். அவர்களைச் 'சுரங்க ரயில் பழைய மாணவர்கள்' என்று செய்தித்தாள்கள் அழைத்தன.

இதைக் கேட்டபோது உங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு தமிழ்ப் பெயர் எங்கேனும் ஒரு பட்டியலில் வந்துவிட்டால் அதை நாம் நம் குடும்பக் குழுக்களில் எவ்வளவு ஆவலோடு பகிர்ந்துகொள்கிறோம்! வேற்று மண்ணில் வேர் பிடிக்க முயல்கிறவர்களுக்கு வெற்றி பெறும் ஒருவர் தேவைப்படுகிறார். அதில் குற்றமில்லை. ஆனால் அந்த வெற்றியின் பாரம் முழுவதையும் நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிடுகிறோமோ என்றும் எண்ணிப்பார்த்தேன்.

இனி அந்தப் பருவத்திற்கு வருகிறேன். ஆகஸ்டு 31 அன்று டெக்சாஸ் ஏ அண்டு எம் குழுவை அதன் சொந்தத் திடலிலேயே 23-13 என்று வென்று நோட்டர் டேம் நாட்டின் தரவரிசையில் ஐந்தாம் இடத்திற்கு வந்தது. அடுத்த வாரம் தன் சொந்த அரங்கில் எதிர்கொண்டது நார்தர்ன் இல்லினாய் குழுவை. நமக்கு மேற்கே டிகால்ப் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நம் பங்குப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதன் குழு வெல்லும் என்று எவரும் எண்ணவில்லை. 31 நொடிகள் எஞ்சியிருந்தபோது அவர்களுடைய கிக்கர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே சென்றது: 16-14. கடைசியாக 62 கெஜத்திலிருந்து ஜெட்டர் உதைத்ததை எதிரணியினர் தடுத்துவிட்டார்கள். வென்ற குழுவின் பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் தொலைக்காட்சியின் முன் கண்ணீர் விட்டார். அந்த உதைதான், அந்தக் கண்ணீர்தான், நம் இளைஞனின் கைப்பேசியில் அன்று ஓடிக்கொண்டிருந்தவை.

பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமனுக்கு அப்போது வயது 38. தந்தை அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய கறுப்பினத்தவர். தாய் கொரியாவிலிருந்து வந்தவர். 2022-இல் கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்தவர். அந்தத் தோல்விக்குப் பின் அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவர் வீரர்களைக் குறைகூறவில்லை. பொறுப்பு தம்முடையது என்றார். மறுவாரம் பர்டியூ குழுவை 66-7 என்று வென்றார்கள். அங்கிருந்து ஒரு முறைகூடத் தோற்கவில்லை. நான் பார்க்கத் தொடங்கிய முதல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 49-7 என்று வென்றார்கள். பின்னர் ஜார்ஜியா டெக், கடற்படைக் கல்லூரி, புளோரிடா ஸ்டேட், வர்ஜீனியா, நியூயார்க்கின் யாங்கி அரங்கில் இராணுவக் கல்லூரி, இறுதியாக லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 49-35 என்று தென் கலிபோர்னியா. தொடர்ந்து பத்து வெற்றிகள்.

இந்த வெற்றிகளுக்கு நடுவே ஜெட்டரின் நிலை நன்றாக இல்லை. இடுப்பில் காயம். சில ஆட்டங்களில் அவரால் இறங்க முடியவில்லை. இறங்கிய ஆட்டங்களிலும் சில உதைகள் தவறின. "அவனுக்குப் பதில் வேறொருவனைத் தேடக் கூடாதா?" என்று நான் கேட்டேன். முதியவர், "காயம் ஆறும் வரை காத்திருக்கிறார்கள். ஆறியதும் மீண்டும் அழைப்பார்கள்" என்றார். நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வெள்ளி இரவு. நம் இளைஞனின் பள்ளி வெளியேற்றுச் சுற்றில் ஆடியது. கடைசி நொடிகளில் அவன் உதைத்த பந்து கம்பத்திற்கு வெளியே சென்றது. பள்ளி தோற்றது. வீட்டிற்கு வரும் வழியில் தந்தை, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விதான். அதன்பின் அவன் அறைக்கதவு மூடிக்கொண்டது. இரவு பதினொரு மணிக்குத் தாய் எனக்குத் தொலைபேசியில் அழைத்து அழுதார்.

மறுநாள் காலை சென்றேன். மூடிய கதவின் முன் நின்று, "மக்கா, நான்தான்" என்றேன். உள்ளிருந்து, "அப்புறம் வர்றேன், ஃபாதர்" என்ற குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலில் கோபமில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது. கோபம் இருந்தால் உறவு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

திரும்பி வரும் வழியில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பாதுகாவலரின் திருவிழாவையொட்டி நடந்த கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். நான் கோல் காப்பாளன். எளிதாகப் பிடித்திருக்கக்கூடிய ஒரு பந்து என் கைகளுக்கு இடையே நழுவி வலைக்குள் போனது. ஊரே பார்த்தது; ஊரே பேசியது. இருட்டும் வரை கடற்கரையில் படகுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பிறகு பசி வீட்டிற்கு இழுத்து வந்தது. என் அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர். மிகக் குறைவாகப் பேசுபவர். ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. "சாப்பிடு" என்றார். குழம்பிலிருந்த மீனின் நடுத்துண்டு எப்போதும் அவருக்குரியது. அன்று அதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பிற்காலத்தில் குருமடத்தில் இறை இரக்கத்தைப் பற்றி இலத்தீனில் எத்தனையோ பக்கங்கள் படித்தபோதெல்லாம், அந்த நடுத்துண்டைக் கொண்டே அவற்றைப் புரிந்துகொண்டேன். அதை உண்டு வளர்ந்தவன்தான், அன்று ஒரு மகனின் கையிலிருந்து தூபக்கலசத்தைப் பறித்தேன்.

நவம்பர் நடுவில் ஒரு வார நாளில் முதியவரை அழைத்துக்கொண்டு சவுத் பெண்டிற்குக் காரில் சென்றேன். இரண்டு மணி நேரப் பயணம். அங்கே லூர்து நகரின் கெபியைப் போன்று 1896-இல் சிறிய அளவில் கட்டப்பட்ட ஒரு கெபி இருக்கிறது. தேர்வுக்கு முன்பும் ஆட்டத்திற்கு முன்பும் மாணவர்கள் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். நானும் ஒன்று ஏற்றினேன். அவன் ஆலயத்திற்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டத்தான் போயிருந்தேன். மண்டியிட்ட பின் வேண்டுதல் மாறிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவை எனக்குத் தரும்படி அன்னையிடம் கேட்டேன். மேய்ப்பன் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்பது எளிதன்று, அன்பர்களே. நாற்பது ஆண்டுகளாக மற்றவர்களின் மன்னிப்புக் கோரிக்கைகளைக் கேட்டே பழகிய செவிகள் எங்களுடையவை.

இவ்வாண்டு முதல்முறையாகத் தேசிய வாகைக்கான சுற்றில் பன்னிரண்டு குழுக்களைச் சேர்த்திருந்தார்கள். டிசம்பர் 20 அன்று கொட்டும் குளிரில், நோட்டர் டேம் தன் அரங்கிலேயே இந்தியானா பல்கலைக்கழகத்தை 27-17 என்று வென்றது. ஜெரமையா லவ் என்ற இளைஞர் 98 கெஜம் தனியாக ஓடிப் பந்தைச் சேர்த்ததைப் பார்த்து முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான்கு நாள் கழித்து, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனிதக் கதவைத் திறந்து எதிர்நோக்கின் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைத்தார். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் அந்தக் குடும்பம் வந்தது, அவன் வரவில்லை. திறந்த கதவைப் பற்றி மறையுரை ஆற்றிக்கொண்டே, மூடிய ஒரு கதவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆட்டம் புத்தாண்டு நாளில் நியூ ஆர்லியன்சில் நடைபெற வேண்டும். அன்று அதிகாலை போர்பன் தெருவில் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள்மீது ஒருவன் வாகனத்தை ஏற்றியதில் 14 பேர் உயிரிழந்தார்கள். ஆட்டம் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. எந்த ஆட்டமும் எவ்வளவு சிறியது என்பதை அந்த நாள் நமக்கு உணர்த்தியது. மறுநாள் மௌன அஞ்சலிக்குப் பின் ஆடினார்கள். ஜார்ஜியா குழுவை 23-10 என்று நோட்டர் டேம் வென்றது. அன்று ஜெட்டர் மூன்று ஃபீல்டு கோல்களை உதைத்தார். காயம் ஆறியிருந்தது.

ஜனவரி 9 இரவு, மியாமியில் பென் ஸ்டேட் குழுவோடு அரையிறுதி. 24-24 என்ற சமநிலை. முப்பத்து மூன்று நொடிகள் இருக்கும்போது கிறிஸ்டியன் கிரே எதிரணியின் பந்தைத் தரையைத் தொடும் முன் பறித்தார். ஏழு நொடிகள் எஞ்சியிருந்தபோது ஜெட்டர் 41 கெஜத்திலிருந்து உதைத்தார். பந்து நடுவே சென்றது. 27-24. செப்டம்பரில் எந்தக் காலால் தோல்வியைத் தடுக்க முடியவில்லையோ, அதே கால்.

உடனே கைப்பேசியை எடுத்து, அந்த இளைஞனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "41 கெஜம், ஏழு நொடி. பார்த்தாயா?" அறிவுரை எதுவும் சேர்க்கவில்லை. சில நிமிடங்கள் கழித்துப் பதில் வந்தது: "ஃபாதர், நீங்க ஃபுட்பால் பாக்குறீங்களா?" நான்கு மாதங்களில் அவன் எனக்கு எழுதிய முதல் சொற்கள். இறுதி ஆட்டத்தைப் பங்கு இல்லத்தில் எங்களோடு சேர்ந்து பார்க்க வருமாறு அழைத்தேன்.

ஜனவரி 20, திங்கள். கடுங்குளிர். மாலை ஆறு மணிக்கு அவனுடைய தந்தை வாசலில் இறக்கிவிட்டுச் சென்றார். ஆட்டம் தொடங்குவதற்கு முன், முதியவரின் முன்னிலையில், நான் அவனிடம் சொன்னேன்: "மக்கா, செப்டம்பரில் எல்லார் முன்னாலும் உன்னை அவமானப்படுத்தினேன். அது தவறு. நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல, ஃபாதர்" என்றான். பிறகு, "நானும் போன வச்சிருக்கலாம்" என்றான். முதியவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

அட்லாண்டாவில் எதிரணி ஒஹாயோ ஸ்டேட். ஃப்ரீமன் இளைஞராகப் படித்து விளையாடிய அதே பல்கலைக்கழகம். அவர்களும் நவம்பர் இறுதியில் தங்கள் அரங்கில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று வசைபட்டவர்கள். தோற்று எழுந்த இரு குழுக்கள்தாம் இறுதியில் சந்தித்தன. நோட்டர் டேம் முதலில் பதினெட்டு முயற்சிகளில் 75 கெஜம் நகர்ந்து, குவார்ட்டர்பேக் ரைலி லெனர்டு உடல் தேயத் தேய ஓடி முதல் டச்டவுனை எடுத்தார். அதன்பின் ஒஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 31 புள்ளிகள் எடுத்தது. 31-7. முதியவர் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். பின்னர் ஒரு டச்டவுனும் இரண்டு கூடுதல் புள்ளிகளும், 31-15.

நான்காம் பகுதியில் ஒன்பதரை நிமிடங்கள் இருக்கும்போது ஜெட்டரை அழைத்தார்கள். 27 கெஜம். கிக்கர்களுக்கு அது வீட்டு முற்றத்தைப் போன்ற தூரம். அவர் உதைத்தார். பந்து இடப்பக்கக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

நாங்கள் மூவரும் பேசவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்தவனின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. சற்று நேரம் கழித்து அவன் மெதுவாக, "அவர் இன்னைக்கு நைட் தூங்க மாட்டார், ஃபாதர்" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. நாற்பது ஆண்டு மறையுரைகள் அந்த நேரத்தில் உதவவில்லை. பதிலைத் திடல்தான் தந்தது. எதிரணியை நிறுத்தி, பந்தை மீண்டும் பெற்று, நான்கு நிமிடங்களே இருக்கையில் நோட்டர் டேம் மறுபடியும் ஒரு டச்டவுன் எடுத்து, கூடுதல் இரு புள்ளிகளையும் சேர்த்தது. 31-23. ஒருவர் தவறியதற்காக மற்றவர்கள் ஆடுவதை நிறுத்திவிடவில்லை. அவருடைய தவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஆடினார்கள். "பாத்தீங்களா?" என்று அவன் எழுந்து நின்றான். அதற்குமேல் அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஒஹாயோ ஸ்டேட் ஒரு நீண்ட வீச்சில் 56 கெஜம் நகர்ந்து, பின் ஃபீல்டு கோல் உதைத்து, 34-23 என்று வாகை சூடியது. 1988-க்குப் பின் கிட்டாத வாகை இம்முறையும் கிட்டவில்லை. பதினான்கு வெற்றி, இரண்டு தோல்வி: அதுவே அப்பருவத்தின் கணக்கு.

இரவு பத்து மணிக்குமேல் தந்தை அழைத்துப்போக வந்தார். செருப்பில் பனியோடு வாசலிலேயே நின்றார். முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. காரில் வானொலியில் கேட்டிருக்கிறார். நான் சற்று அஞ்சினேன். அவர் மகனைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "இல்லப்பா." "வா. அம்மா தோசை மாவு வச்சிருக்கா." இருவரும் சென்றார்கள். கதவை மூடும்போது எனக்கு யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் நினைவுக்கு வந்தது. மூன்று முறை மறுதலித்த பேதுருவை உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சந்திக்கிறார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன, கேட்கவும் செய்தார். ஆனால் அதற்கு முன் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, உண்ண அழைத்தார். உணவு முதலில், கேள்வி பிறகு. என் அப்பா விவிலியம் அதிகம் வாசித்தவர் அல்லர். ஆயினும் அந்த வரிசையை அறிந்திருந்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு அன்று ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில் அவன் வந்திருந்தான். அங்கி அணியவில்லை. கடைசி வரிசையில் தந்தையின் அருகில் மெழுகுதிரியோடு நின்றான். பீடத்திற்குத் திரும்புவானா என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. அந்த இடம் அவனுக்காக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மண்ணில் நம் பிள்ளைகள் நாம் அறியாத பல திடல்களில் நிற்கிறார்கள். அவை எல்லாவற்றின் விதிகளும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் தவறி வீடு திரும்பும் இரவில் முதலில் தட்டை வையுங்கள். மற்றதைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. வெள்ளி இரவுகளில் விளையாடும் பிள்ளைகளை முன்னிட்டு, சனிக்கிழமை காலை மறைக்கல்வி வகுப்பை வரும் இலையுதிர் காலம் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடத்தப் பங்குப் பேரவை இசைந்துள்ளது. பிள்ளைகளின் ஆட்ட நாள்களை எனக்குத் தெரிவியுங்கள். இயன்றவரை வந்து அமர்வேன். இந்த முறை விதிகள் தெரியும்.

உங்கள் செபங்களில் என்னையும் நினைவுகூருங்கள்.

இறையாசியுடன்,
உங்கள் பங்குத்தந்தை